வெறும் லொறியில் ஏறி, சுமையோடு இறங்குகிறவருக்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 26. மாமாவின் 14.5 அடி இசுசு எல்ஃப் லொறியில் கிழமைக்கு மூன்று தடவை நுவரெலியா போய், மரக்கறி ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் பேலியகொடை மெனிங் சந்தைக்கு வருகிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"அண்ணன், போன மாதம் இறம்பொடைக்கு மேலே இறங்கும்போது ஏதோ எரிகிற மணம் வந்தது. இரண்டு முடக்கு தாண்டியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரிக் கீழே போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். ஒரு மணித்தியாலம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி இறுக்கமாக இருக்கிறது. 'சூடுதான், ஒன்றுமில்லை' என்கிறார் மாமா. எக்ஸோஸ்ட் பிரேக் போட்டால் என்ஜின் பழுதாகும், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பதும் அவர் சொல்வதுதான். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழக்கினார்கள், அப்படித்தான் இறங்குகிறேன். எங்கே பிழை? துறைமுகத்தில் கொண்டெய்னர் ஓடுகிற என் நண்பன், தன்னுடைய வண்டியில் இருப்பது 'என்ஜின் பிரேக்', அது வேறு சாமான் என்கிறான். அது என்ன?"

தம்பி, முதலில் அந்தப் பெடல். மாமா சொன்னதில் பாதி சரி. சூடுதான். ஆனால் 'ஒன்றுமில்லை' என்று விடுகிற விஷயம் இல்லை இது. அன்று உங்கள் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஒயிலை அமுக்க முடியாது, அதனால்தான் காலின் பலம் சில்லுக்குப் போய்ச் சேருகிறது. ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதித்த மிதியெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விட்டது. ஆறினதும் ஆவி திரும்ப ஒயிலாகும், பெடலும் இறுகும். அதைப் பார்த்து லொறி சுகமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 (DOT 3) என்று தரம் போட்ட ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 வரை இறங்கிவிடலாம். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கடற்கரை ஊரில் வருடக்கணக்காக மாற்றாத ஒயிலோடு மலை இறங்குகிறவர் எந்த எல்லையில் இறங்குகிறார் என்று நீங்களே பாருங்கள். ஆகவே அடுத்த பயணத்துக்கு முன் ஒயில் முழுவதையும் கழற்றி மாற்றுங்கள். போத்தலில் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது கணக்கில் வராது. டொட் 3 ஓடுகிற லொறிக்கு டொட் 4 போடலாம். டொட் 5 என்று போட்ட சிலிக்கோன் ஒயில் மட்டும் வேண்டாம், அது இவற்றோடு சேராது. அப்படியே சில்லுகளின் நான்கு பிரேக் ட்ரம்மையும் கழற்றி, உள்ளே உரசிப் பிடிக்கிற லைனரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்த லைனர் கண்ணாடி மாதிரி மினுங்கும். மினுங்கினால் கனம் மிச்சமிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

இனி, ஏன் கொதித்தது என்ற கேள்வி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை, பேராதனைப் பக்கம் ஏறத்தாழ 500 மீற்றர். லொறியும் மரக்கறியுமாக 7 தொன் என்று வைத்துக்கொள்வோம். (கழுவின கரட் மூட்டை ஈரத்தோடு ஏறினால் பில்லில் இருக்கிற பாரத்தைவிடக் கூடத்தான் இருக்கும்.) அந்த 7 தொன்னை 1,350 மீற்றர் கீழே இறக்கும்போது வெளிவருகிற சக்தி 300 லீட்டர் அளவு தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒன்றரைப் பீப்பாய். டயரும் காற்றும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டாலும் மிச்சம் எங்கேயாவது வெப்பமாகப் போய்த்தான் ஆகவேண்டும். போக இரண்டு வழிதான் உண்டு. ஒன்று நான்கு ட்ரம், மற்றது என்ஜின். ட்ரம்முக்குக் காற்றைத் தவிர வேறு ஆறுதல் இல்லை. என்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, ஒயில் பம்ப் இருக்கிறது, சைலன்சர் வழியாகச் சூட்டை வெளியே தள்ளும் வசதியும் இருக்கிறது. நீங்கள் அன்று என்ஜினைச் சும்மா இருக்க விட்டு, வேலை முழுவதையும் ட்ரம்மின் தலையில் கட்டிவிட்டீர்கள்.

அது எப்படி நடந்தது என்றால், அந்த 'ஏறின கியரிலேயே இறங்கு' என்ற பாடத்தால்தான்.

பாடம் பிழையில்லை. ஆனால் அது ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பாரம் வைத்திருக்கிற வண்டிக்குச் சொன்னது. பஸ்ஸுக்குப் பொருந்தும். கொழும்பிலிருந்து சீமெந்து ஏற்றிப்போய் மலையில் இறக்குகிறவருக்கு அது தேவைக்கு மேலேயே பாதுகாப்பு. உங்கள் கதை தலைகீழ். வெறும் லொறியில் ஏறுகிறீர்கள், சுமையோடு இறங்குகிறீர்கள். வெறும் எல்ஃப் லபுக்கலை ஏற்றத்தை நான்காவது கியரில் சிரித்துக்கொண்டு ஏறும். அதே நான்காவதில் 7 தொன்னோடு இறங்கினால் என்ஜினால் பிடிக்க முடியாது. வண்டி தள்ளும், நீங்கள் பிரேக்கில் கால் வைப்பீர்கள், அடுத்த முடக்கிலும் வைப்பீர்கள், பிறகு கால் அங்கேயே குடியிருந்துவிடும். மரக்கறி லொறிக்காரருக்கு ஏறின கியர் எதையும் சொல்லித் தராது. அதை மறந்துவிடுங்கள்.

அப்படியென்றால் எந்தக் கியர்? நம்பர் நான் சொல்லமாட்டேன். பாரம் ஒவ்வொரு நாளும் ஒன்றில்லை, றோட்டும் ஒன்றில்லை. சோதித்துப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன். இறக்கம் தொடங்குகிற இடத்தில், வேகம் இன்னும் குறைவாக இருக்கும்போதே கியரைக் குறையுங்கள். எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போடுங்கள் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). இரண்டு காலையும் எடுங்கள். ரெவ் மீற்றரைப் பாருங்கள். முள் ஓரிடத்தில் நின்றால், அல்லது மிக மெதுவாக ஏறினால், அதுதான் உங்கள் கியர். முள் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் காலால் பிரேக் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, இன்னும் ஒரு கியர் கீழே போங்கள். அரைக் கிலோமீற்றருக்குள் இது தெரிந்துவிடும்.

முள் எங்கே நிற்க வேண்டும் என்பதும் முக்கியம். என்ஜின் பிடிக்கிற பலம் சுற்றோடு கூடும். டீசல் மிச்சம் பிடிக்கிற பச்சைப் பகுதியின் அடியில் முள்ளை வைத்துக்கொண்டு 'என்ஜின் பிடிக்குதில்லை' என்று சொல்கிறவர்கள் நிறைய. சிவப்பு 3,500இல் தொடங்குகிற மீற்றர் என்றால் இறக்கத்தில் 2,500க்கும் 3,000க்கும் நடுவில் ஓடட்டும். சத்தம் பெரிதாக இருக்கும், பழகாத காதுக்கு என்ஜின் அழுகிற மாதிரியும் தோன்றும். தோன்றட்டும். சிவப்புக்குள் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். இறக்கத்தில் என்ஜினைச் சுற்றுவது சில்லு, அக்ஸிலேட்டர் இல்லை. சுற்றைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் டீசலைத்தான் வெட்டும், சில்லை அதனால் நிறுத்த முடியாது. அளவுக்கு மேல் சுற்றினால் வால்வு பிஸ்டனில் மோதும். மாமா பயப்படுகிற அந்தப் 'பழுது' உண்மையில் இப்படித்தான் வருகிறது.

கியரை இறக்கத்தின் நடுவில் மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான நேரம். நான்கிலிருந்து எடுத்து நியூட்ரலுக்கு வந்த கணத்தில் வண்டியைப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஓரிரு வினாடியில் வேகம் கூடிவிடும், மூன்றாவது 'கர்ர்' என்று அடித்து உள்ளே போகாது, நான்காவதும் திரும்பப் போகாது. தவிர்க்க முடியாமல் மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், பிறகு இரட்டைக் கிளச் போடுங்கள். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளச்சை விட்டு, அக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜின் சுற்றை ஏற்றி, உடனே கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவது. சுற்றைத் தானே ஒத்துப்போக வைக்கிற சின்க்ரோ உள்ள கியர் பெட்டிக்கு இது கட்டாயமில்லைதான். ஆனால் பல லட்சம் கிலோமீற்றர் ஓடி சின்க்ரோ ரிங் தேய்ந்த பெட்டியில், இரண்டு பக்கச் சுற்றும் ஒத்துப்போனால்தான் கியர் வெண்ணெய் மாதிரி விழும். இதைச் சமதரையில் பழகுங்கள், ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத றோட்டில். இறம்பொடையில் வைத்துப் பழக வேண்டாம்.

நான் லொறி பழகின காலத்தில் ஹட்டனிலிருந்து கிராண்ட்பாஸ் ஸ்டோருக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றி வருவோம். பழக்கினவர் என்னைவிட இருபது வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். கினிகத்தேனை இறக்கத்தில் நான் பிரேக் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும், பக்கத்துச் சீட்டில் இருந்து வெற்றிலையை மென்றுகொண்டு, ஒரு எண் மட்டும் சொல்வார். 'பதினேழு.' 'பதினெட்டு.' முதல் நாள் இறக்கம் முடியும்போது எண் நாற்பதைத் தாண்டியிருந்தது. லொறியை நிறுத்தி, கீழே இறங்கி, முன் ட்ரம்முக்குப் பக்கத்தில் என் கையைக் கொண்டுபோய்ப் பிடித்தார், தொடாமல். ஒரு சாண் தூரத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன். அடுத்த கிழமை ஒரு கியர் குறைத்து இறங்கினேன். பதினொன்று. அன்று ட்ரம்மைக் காட்டவில்லை, பிளேன்டீ வாங்கித் தந்தார். நீங்களும் எண்ணுங்கள்.

காலால் பிடிக்கிறபோதும் ஒரு முறை உண்டு. பெடலில் காலை மெதுவாக வைத்தபடியே இறங்காதீர்கள். கொஞ்ச அழுத்தத்தில் எல்லாச் சில்லும் சமமாகப் பிடிக்காது. நன்றாகப் பிடிக்கிற ஒன்றிரண்டு ட்ரம் மட்டும் முழுப் பாரத்தையும் சுமந்து வேகும். மணிக்கு 35 கிலோமீற்றரில் இறங்கத் தீர்மானித்தால், வேக முள் 35க்கு வந்ததும் உறுதியாக மிதித்து 25க்கு இறக்குங்கள். பிறகு காலை முழுவதும் எடுங்கள். திரும்ப 35 வரும்வரை ட்ரம் ஆறட்டும்.

எக்ஸோஸ்ட் பிரேக்குக்கு வருவோம். வைப்பர் போடுகிற தண்டிலேயே பெரும்பாலும் இருக்கும். போட்டால் டாஷ்போர்டில் ஒரு லைட் எரியும். அது செய்கிற வேலை மிக எளிது. சைலன்சர் குழாயில் வட்டமான ஒரு தகடு இருக்கிறது, அதை மூடும். புகை போக வழியில்லாமல் பிஸ்டன் அதற்கு எதிராகத் தள்ளவேண்டி வரும், அந்தத் தள்ளுதல்தான் வண்டியைப் பிடிக்கிறது. பெற்றோல் காரில் காலை எடுத்தால் காற்று வழியை ஒரு தகடு மூடுவதால் தானாக ஓரளவு பிடிக்கும். டீசல் என்ஜின்களில் பெரும்பாலும் அப்படி மூடுகிற ஏற்பாடு கிடையாது, அதனால்தான் லொறிக்குத் தனியாக இதைப் போட்டிருக்கிறார்கள். எவ்வளவு அழுத்தம் வரலாம் என்று கணக்குப் பார்த்துத்தான் வால்வு ஸ்பிரிங்கும் போட்டிருக்கிறார்கள். ஆகவே சிவப்புக்குக் கீழே ஓடும்வரை என்ஜினுக்கு இதனால் ஒன்றும் வராது.

ஆனால் மாமாவின் பயம் வெறும் கதை என்று தள்ளவும் மாட்டேன். எங்கள் கராஜுக்கு 'இழுவை இல்லை, கறுப்புப் புகை' என்று வருகிற பழைய ஜப்பான் லொறிகளில் சிலவற்றில் இந்தத் தகடுதான் காரணம். பாவிக்காமல் விட்டுக் கரி பிடித்து, பாதி மூடினபடி இறுகியிருக்கும். அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் 'எக்ஸோஸ்ட் பிரேக் என்ஜினைக் கொல்லும்' என்று சொல்லித் திரிவார்கள். உண்மையில் பாவிக்காமல் விட்டதுதான் கேடு. உங்களுடையதைக் கழற்றி, கரி சுரண்டி, தகடு கையால் திருப்பினால் இலேசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அதை இழுக்கிற வெக்யூம் குழாய் வெடித்திருக்கிறதா, கிளச்சிலும் அக்ஸிலேட்டரிலும் இருக்கிற சுவிட்ச் சரியா என்றும் கராஜ் பாஸிடம் கேளுங்கள். அந்த சுவிட்ச் ஏன் முக்கியம் என்றால், கிளச்சில் கால் பட்டாலே எக்ஸோஸ்ட் பிரேக் விட்டுவிடும். முடக்கு வந்தால் பழக்கத்தில் கிளச்சை மிதிக்கிறவர்கள் பலர். மிதித்ததும் தகடும் திறக்கும், என்ஜினும் பிரியும், சரியாக முடக்கின் வாசலில் வண்டி பாயும். இடது காலைத் தரையில் வையுங்கள்.

மழையில் கவனம். இந்தப் பிரேக் பின் சில்லை மட்டும்தான் பிடிக்கிறது. வெறும் லொறி, நனைந்த றோட்டு, லபுக்கலைத் தூறல் என்றால் பின்பக்கம் வழுக்கும். அப்படி வழுக்கினால் முதலில் அந்தத் தண்டைத் தட்டிவிட வேண்டும். பின்னால் வருகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக்குக்குப் பிரேக் லைட் எரியாது. ஒட்டிக்கொண்டு ஒரு வான் வந்தால் பெடலை இலேசாகத் தொட்டு லைட்டைக் காட்டுங்கள்.

நியூட்ரல் கதையைச் சீக்கிரம் முடிக்கிறேன். கியரில் இறங்கும்போது அக்ஸிலேட்டரில் கால் இல்லையென்றால், டீசல் அடிப்பது பழைய பம்பாக இருந்தாலும் புதிய கொமன் ரெயிலாக இருந்தாலும், என்ஜினுக்கு டீசல் போகாது. சில்லுதான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் என்ஜின் அணைந்துபோகாமல் இருக்கவே டீசல் எரிய வேண்டும். அதாவது செங்குத்து இறக்கத்தில் மிச்சம் பிடிப்பது நீங்கள்தான், மாமா இல்லை. சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிற ஆட்களும் உண்டு. அப்படிச் செய்தால் பவர் ஸ்டியரிங் போகும், வெக்யூம் பம்ப் நிற்கும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்கள் நண்பன் சொன்னது சரி, அவருடையது வேறு சாமான்தான். கொண்டெய்னர் இழுக்கிற பெரிய பிரைம் மூவர்களில் சிலவற்றில் தகடு மூடுவதோடு நிற்பதில்லை. பிஸ்டன் மேலே வந்து காற்றை முழுவதும் அமுக்கின கணத்தில் எக்ஸோஸ்ட் வால்வைத் திறந்துவிடுகிறது. இல்லாவிட்டால் அமுங்கின காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பக் கீழே தள்ளி, எடுத்த பலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். திறந்துவிட்டால் அந்தப் பலம் 'டட்டட்ட' என்ற சத்தத்தோடு வெளியே போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர் டீசல் என்ஜினுக்குப் பெயர்போன கிளெஸி கம்மின்ஸ். 1931இல் அமெரிக்காவில் ஒரு லொறியில் கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயை இறங்கும்போது அவருக்குப் பிரேக் போய்விட்டது. கீழே ரயில் கடவையில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்த மறுகணம் லொறி தண்டவாளத்தைத் தாண்டியது. அந்தப் பயம் அவர் மனதில் கிடந்து, ஓய்வு பெற்ற பிறகு இதைச் செய்தார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் செய்து விற்கத் தொடங்கியது, அதனால் 'ஜேக் பிரேக்' என்று பெயர். உங்கள் எல்ஃபுக்கு அது தேவையில்லை. இருக்கிறதைப் பாவித்தால் போதும்.

கடைசியாக, அன்று உங்களைக் காப்பாற்றின ஹேண்ட் பிரேக். இந்த வகை லொறிகளில் பெரும்பாலும் அது சில்லைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின் சில்லுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற ப்ரொப்பலர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. சில்லு பிரேக் போன பிறகும் அது வேலை செய்தது அதனால்தான். ஆனால் அது நிறுத்தின வண்டியைப் பிடித்து வைக்கச் செய்த சிறிய ட்ரம். ஓடுகிற பாரத்தை நிறுத்த வைத்தால் அதன் லைனர் அன்றே பாதி போயிருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள். இனி ஒருபோதும் அப்படி வரக்கூடாது. வந்தால் கியரை எடுக்கவே எடுக்காதீர்கள், கிளச்சைத் தொடாதீர்கள், எக்ஸோஸ்ட் போட்டபடி பிரேக் பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து மிதித்து விடுங்கள், ஹோனை அமுக்கிப் பிடியுங்கள், வேகம் குறைந்த பிறகு ஹேண்ட் பிரேக். மலைப்பக்கத்து மண்ணில் உரசி நிறுத்த முடியுமென்றால் உரசுங்கள். நசுங்கின லொறி பொடியைத் தட்டி எடுத்துவிடலாம். நிறுத்தினதும் சில்லுக்குக் கல் வையுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும், அதைச் செய்யாதீர்கள்.

இரவில் இறங்குகிறீர்கள், புகை தெரியாது. கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வையுங்கள், மூக்குக்குத் தெரியும். மணம் வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, அரை மணித்தியாலம். சந்தைக்குப் பிந்தினால் மாமா ஏசுவார், ஏசட்டும். ஒரு நாள் அவரையே பக்கத்துச் சீட்டில் ஏற்றி, ஒரு கியர் குறைத்து, லபுக்கலையிலிருந்து கம்பளை வரை இறங்கிக் காட்டுங்கள். எண்ணுகிற வேலையை அவரிடம் கொடுங்கள். எத்தனை வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.